விழுந்த பிறகு ஒன்பது அடி

எலியாஸ் என்கிற பத்தொன்பது வயதுப் பையனைக் கொல்லப் பதினோரு அடி தேவைப்பட்டது. அலுமினிய பேஸ்பால் மட்டை. முதல் இரண்டு அடி அவன் நின்றுகொண்டிருந்தபோது தோளிலும் முழங்கையிலும் விழுந்தவை. மிச்ச ஒன்பதும் அவன் புல்லில் விழுந்த பிறகு தலையிலும் கழுத்திலும் விழுந்தவை. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டரம்மா சாட்சிக் கூண்டில் உட்கார்ந்து, கடைக்குச் சாமான் பட்டியல் வாசிப்பதுபோல இதை ஒவ்வொன்றாகச் சொன்னார். ஐந்தாவது அடியில் தாடை பிளந்தது. ஏழாவதில் இடது கண் உள்ளே போனது. கடைசி நான்கும் தேவையே இல்லாதவை என்றார். அதற்குள் பையன் செத்துவிட்டான்.

படங்களைத் திரையில் போட்டபோது ஜூரிகளில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருவர் தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஏழாம் நம்பர் நாற்காலியில் இருந்த தியாகராஜா மட்டும் கண்ணை எடுக்கவில்லை. கல்நெஞ்சக்காரர் என்று யாராவது நினைத்திருந்தால் தப்பு. கண்ணை எடுத்தால் அந்தப் பையனுக்குச் செய்யும் துரோகம் என்று அவருக்குத் தோன்றியது. துரோகம் என்ற சொல் தனக்குள் ஏன் வந்தது என்று அப்போது அவருக்கு விளங்கவில்லை.

தியாகராஜாவுக்கு ஐம்பத்து நான்கு வயது. யாழ்ப்பாணத்தில் சாவகச்சேரிப் பக்கத்து ஆள். டெக்ஸாஸின் சுகர் லேண்டில் இருபத்திரண்டு வருடமாகக் குடியிருக்கிறார். ஹூஸ்டனுக்குக் கிழக்கே ஒரு எண்ணெய்க் கம்பெனித் தொழிற்சாலையில் மீட்டர்களைச் சரிபார்ப்பது வேலை. குழாயில் இருக்கும் அழுத்தத்தை மீட்டர் சரியாகச் சொல்கிறதா, பொய் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்காகத் தினமும் ஃப்ரீவேயில் போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி. இருபது வருடத்தில் அவர் கையெழுத்துப் போட்ட மீட்டர் ஒன்றுகூடப் பொய் சொன்னதில்லை என்பதில் மனுஷனுக்கு ஒரு கர்வம் உண்டு. இருக்கட்டும், நியாயமான கர்வம்தான்.

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து ஒரு தேர்தலையும் விட்டவர் இல்லை. டெக்ஸாஸில் நீதிபதிகளையும் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வாக்குச் சீட்டு கல்யாண வீட்டுச் சாமான் பட்டியல் மாதிரி நீண்டுகொண்டே போகும். மற்றவர்கள் கட்சியைப் பார்த்து மளமளவென்று குத்திவிட்டு வருவார்கள். இவர் ஒவ்வொரு நீதிபதியைப் பற்றியும் முதல் நாளே தேடிப் படித்து, துண்டுக் கடதாசியில் குறித்துக்கொண்டு போவார். நாடு இவரைத் திருப்பி அப்படி மதித்ததா என்றால், அது வேறு கதை. ஒருநாள் காலையில் சாரம், அதுதான் லுங்கி, கட்டிக்கொண்டு குப்பைத்தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிய இவருடைய படத்தை எதிர்வீட்டுக் கதவுக் கேமரா பிடித்தது. அது 'சந்தேகத்துக்குரிய நபர்' என்று தெருக்காரர்களின் ஃபோனுக்கெல்லாம் போயிற்று. மனைவி ராஜராணி இரண்டு நாள் கொதித்தாள். இவர் அடுத்த வாரத்திலிருந்து சாரத்தை விட்டுக் களிசான் போட்டுக்கொண்டு தொட்டியைத் தள்ளினார்.

இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஜூரி சம்மன் வந்தால் என்ன ஆகும்? கோவில் பத்திரிகையை வைப்பதுபோலச் சாப்பாட்டு மேசையில் நடுவில் வைத்தார்.

பக்கத்துத் தெரு வெங்கடகிருஷ்ணன் கேள்விப்பட்டு வந்தார். சென்னைக்காரர், நல்ல மனுஷன், எதிலிருந்தும் நழுவுவதற்கு ஒரு வழி வைத்திருப்பவர். "சார், இதையெல்லாம் சீரியஸா எடுத்துக்காதீங்க. செலக்‌ஷன்ல கேக்கும்போது 'எனக்கு துப்பாக்கியே புடிக்காது, போலீஸையும் நம்பமாட்டேன்'னு ஒரு போடு போடுங்க. லாயரே உங்கள வீட்டுக்கு அனுப்பிச்சிடுவான். நான் ரெண்டு தடவை அப்படித்தான் எஸ்கேப் ஆனேன்."

"பொய் சொல்லச் சொல்லுறீங்களோ?" என்றார் தியாகராஜா.

"பொய் இல்ல சார். கொஞ்சம் ஓவரா சொல்றது."

ஆஸ்டினில் படிக்கும் மகள் ரூபிகா ஃபோனிலேயே சிரித்தாள். "அப்பா, ஜஸ்ட் ஸே யூ காண்ட் பி ஃபேர். தே வில் லெட் யூ கோ."

"என்னால நியாயமா இருக்க ஏலாது எண்டு நானே சொல்லுறதோ? நல்ல கதை."

ராஜராணிதான் கடைசியாகக் கேட்டாள். "இஞ்சேருங்கோ, கொலை வழக்காம். ஏன் உங்களுக்கு இந்தத் தலையிடி? சுகமில்லை எண்டு ஒரு கடிதம் எழுதிப் போடுங்கோவன்."

"இருக்க இடம் தந்தவங்கள் ஒரு வேலை சொல்லுறாங்கள் ராணி. அதையும் செய்யாட்டி நானென்ன சிற்றிசன்?"

தேர்வு நாளன்று அறுபது பேருக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். பதினான்காவது கேள்வி இது: நீங்களோ உங்களுக்கு நெருங்கியவர்களோ எப்போதாவது ஒரு வன்முறைக் குற்றத்தில், பாதிக்கப்பட்டவராகவோ சாட்சியாகவோ வேறு எந்த விதத்திலோ சம்பந்தப்பட்டதுண்டா?

தியாகராஜா யோசித்தார். ஷெல் விழுந்து செத்த மாமா மகன் நினைவுக்கு வந்தான். அது போர். குண்டுவீச்சில் போன பெரியம்மா. அதுவும் போர். குற்றம் என்றால் போலீஸ் வரும், வழக்கு நம்பர் இருக்கும், கோர்ட் இருக்கும். அப்படி ஒன்றும் அவர் வாழ்க்கையில் நடந்ததில்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் அழுத்தமாக ஒரு சரி போட்டார். அந்த ஊர்களிலிருந்து வந்த யாரைக் கேட்டாலும் பத்துக்கு ஒன்பது பேர் அப்படித்தான் போட்டிருப்பார்கள்.

வழக்கு என்னவோ எளிமையானதுதான். டஸ்டின் என்பவன் ஏசி ரிப்பேர் செய்கிறவன், முப்பத்தெட்டு வயது, பிள்ளைகுட்டிக்காரன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு, நல்ல வெளிச்சத்தில், வீட்டு வாசலில் நின்ற அவனுடைய ட்ரக்கிலிருந்து எலியாஸ் ஒரு துளைபோடும் மெஷினை எடுத்துக்கொண்டு ஓடினான். டஸ்டின் மட்டையை எடுத்துக்கொண்டு துரத்தினான். மூன்று வீடு தாண்டி, மழைநீர்க் குளத்தங்கரையில் பிடித்தான். பையன் கையில் ஒரு ஸ்க்ரூட்ரைவர் இருந்தது, என் உயிருக்குப் பயந்துதான் அடித்தேன் என்பது டஸ்டின் தரப்பு. ஸ்க்ரூட்ரைவர் இருந்தது உண்மைதான். போலீஸ் எடுத்த படத்தில் அது பையனின் பின்பாக்கெட்டில் இருந்தது.

ஐந்தாம் நாள், குளத்தை ஒட்டிய ஒரு வீட்டின் கேமராப் பதிவைப் போட்டார்கள். படம் தெளிவில்லை, வேலி மறைத்தது. குரல் மட்டும் நன்றாகக் கேட்டது. அடிபட்டு விழுந்து மூச்சிரைத்த ஒரு பிள்ளையின் குரல். "உன் சாமான் உனக்குத் திரும்ப வந்திட்டுது. அதோ கிடக்கு பார். வந்திட்டுதுதானே." அதன்பிறகு மட்டையின் சத்தம். ஈரத்துணியைக் கல்லில் அடிப்பது மாதிரி ஒரு சத்தம், ஒன்பது தடவை. மூன்றாவதுக்குப் பிறகு குரல் இல்லை.

 தியாகராஜா நாற்காலிக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பொது ஆசனங்களில் முன்வரிசையில் எலியாஸின் தாய் இருந்தாள், ஆஸ்பத்திரித் துணிதுவைக்கும் பிரிவில் வேலைசெய்கிற மெலிந்த பெண். அவள் ஜூரிகள் பக்கம் பார்த்தாள். பன்னிரண்டு முகத்தில் ஒரே ஒரு முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து அவள் ஏழாம் நம்பர் நாற்காலியை மட்டும்தான் பார்த்தாள்.

எட்டாம் நாள் வாதங்கள் முடிந்து, பன்னிரண்டு பேரையும் ஒரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். தலைவராக ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜெண்டைத் தேர்ந்தெடுத்தார்கள். அடர்த்தியான மீசை, மரியாதையான பேச்சு. முதல் வாக்கெடுப்பில் பதினொரு பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். தியாகராஜா ஒருவர் குற்றவாளி என்றார். பன்னிரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னால்தான் தீர்ப்பு. அவர் அசையாதவரை டஸ்டின் விடுதலையாக முடியாது.

"அவன் கள்ளன்" என்றார் ஒருவர்.

"திருடுறவனுக்கு இதெல்லாம் நடக்கும்னு தெரியாதா?" என்றார் இன்னொருவர்.

"டெக்ஸாஸ்ல ஒருத்தன் சாமானை எடுத்தா என்ன நடக்கும்னு எல்லாருக்கும் தெரியும்" என்றாள் ஒரு பெண்.

கெட்டவர்கள் இல்லை. மத்தியானம் சாப்பாட்டுப் பொட்டலம் வந்தபோது தியாகராஜா மாட்டிறைச்சி சாப்பிடமாட்டார் என்று தெரிந்து, அந்தப் பெண்தான் தன் சீஸ் சாண்ட்விச்சை அவர் பக்கம் தள்ளினாள். அதுதான் அவரை வதைத்தது. இதே பேச்சை, இப்படிப்பட்ட நல்ல முகங்கள் பேச, அவர் ஏற்கனவே ஒருமுறை கேட்டிருக்கிறார். ஆங்கிலத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஒன்றரை நாள் சட்டத்தைப் பேசிப் பார்த்தார். விழுந்தவனிடம் என்ன பயம் என்று கேட்டார். ஸ்க்ரூட்ரைவர் பாக்கெட்டில்தானே இருந்தது என்றார். மீட்டரைப் பற்றிப் பேசுவதுபோல ஒவ்வொரு அடியாக எடுத்துப் பேசினார். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஹட்சன் அம்மாள் என்ற ஓய்வுபெற்ற பள்ளிக்கூட டீச்சர் மட்டும் இரண்டாம் நாள் காலையில் மெதுவாக, "எனக்கும் அந்த ஒன்பது அடி தொண்டையில் நிற்கிறது" என்றார். "ஆனால் திரு. ராஜா, ஒரு திருடனுக்காக ஒரு குடும்பஸ்தனை ஆயுசு முழுக்க உள்ளே போட முடியுமா?"

அந்தக் கிழவியின் கண்ணில் தடுமாற்றத்தைக் கண்டார் தியாகராஜா. இன்னும் ஒரு தள்ளுத் தள்ளினால் அவர் இந்தப் பக்கம் வந்துவிடுவார். முப்பத்தேழு வருடமாக ராஜராணியிடம்கூடச் சொல்லாததைச் சொல்லத் தொடங்கினார்.

"எனக்குப் பதினேழு வயதில் எங்கள் வீட்டுச் சைக்கிள் களவு போயிற்று" என்றார். அறையில் யாரோ சலித்துக்கொண்டார்கள். அவர் நிறுத்தவில்லை.

சந்தையில் லொறிக்கு மூட்டை ஏற்றும் சுப்பையன்தான் எடுத்தான் என்று அவருக்குத் தெரியும். போலீஸ் என்று ஒன்று ஊரில் இல்லாத காலம் அது. ஆயுதம் ஏந்தி ஊரை ஆண்ட இயக்கப் பெடியளிடம் போய்ச் சொன்னார். அடுத்த நாள் காலை சந்தியில் சுப்பையனை லைற் போஸ்ட்டோடு கட்டியிருந்தார்கள். மூன்று களவு அவன் பேரில் இருந்ததாம். சைக்கிளும் பக்கத்தில் நின்றது. முந்நூறு பேர் கூடியிருந்தார்கள். துவக்கு வைத்திருந்த ஒருவன், இவரைவிட இரண்டு வயதுதான் கூட இருக்கும், "தம்பி, இவன்தானோ?" என்று கேட்டான். "ஓம்" என்றார் இவர். துவக்குப் பிடியால் முகத்தில் அடித்தான். பல் தெறித்து இவர் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது. இன்னும் மூன்று நான்கு அடி. மூக்கு இருந்த இடம் தெரியவில்லை. சுப்பையன் ரத்தத்தைத் துப்பிவிட்டு அடிக்கிறவனைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தான். "தம்பி, சைக்கிள் உங்களிட்ட வந்திட்டுதுதானே. ஒருக்காச் சொல்லுங்கோ தம்பி."

"நான் சொல்லவில்லை" என்றார் தியாகராஜா. "பயத்தால் என்று நினைக்காதீர்கள். பயமில்லை. அவனுக்கு நல்லா வேணும் என்று நின்றேன். காதுக்குப் பின்னால் வைத்துச் சுட்டார்கள். நான் சைக்கிளை எடுத்து மிதித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அந்தச் சைக்கிளில்தான் பிறகு பரீட்சைக்கும் போனேன். ஊரில் எல்லாரும் சொன்னது என்ன தெரியுமா? கள்ளன்தானே. நீங்கள் நேற்றிலிருந்து சொல்கிற அதே சொல்."

 ஹட்சன் அம்மாள் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.  ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அதற்குள் மீசைக்காரர் பேசினார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான். "திரு. ராஜா, அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. வன்முறைக் குற்றத்தில் சம்பந்தப்பட்டதுண்டா என்று. நீங்கள் என்ன எழுதினீர்கள்?"

அப்போதுதான் தியாகராஜாவுக்கு உறைத்தது.  "இல்லை என்று எழுதினேன்."

"ஏன்?"

"அது குற்றம் என்று அப்போது எனக்குத் தெரியாது."

இதைவிட உண்மையான பதிலை அந்தக் கட்டடத்தில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். என்ன பிரயோசனம்? மீசைக்காரர் சத்தியம் செய்து கொடுத்தவர், அதன்படி நடக்கிறவர். ஒரு துண்டில் எழுதி நீதிபதிக்கு அனுப்பினார். அரை மணியில் தியாகராஜா நீதிபதிக்கு முன்னால் நின்றார். வேண்டுமென்று மறைத்தீர்களா என்று நீதிபதியம்மா கேட்டார். இல்லை என்றார். நம்புகிறேன் என்றார் நீதிபதி. ஆனாலும் உங்களை விடுவிக்க வேண்டியிருக்கிறது, உங்கள் சேவைக்கு நன்றி. டஸ்டினும் அவன் வக்கீலும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் பேனாவை மூடிய விதத்திலேயே எல்லாம் தெரிந்துபோயிற்று. மாற்று ஜூரியாக எட்டு நாளும் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஒரு இளைஞனை ஏழாம் நம்பர் நாற்காலிக்கு அனுப்பினார்கள்.

கார் நிறுத்துமிடத்துக்கு வந்த தியாகராஜாவுக்கு வண்டியை எடுக்க முடியவில்லை. ஆகஸ்ட் வெயில், தார் உருகிச் சப்பாத்தில் ஒட்டியது. காரின் நிழலில் நின்றார். இருபது வருடம் மீட்டர் பார்த்த மனுஷன், தன்னையே ஒருநாளும் சரிபார்க்கவில்லையே என்று தன்னைக் காறித் துப்பிக்கொண்டார். வாயை மூடிக்கொண்டு வெறுமனே 'மாட்டேன்' என்று உட்கார்ந்திருந்தால் போதும், டஸ்டினை விடுதலை செய்ய முடியாமல் வழக்கு மறுபடி நடந்திருக்கும். ஹட்சன் அம்மாள் எப்படியும் விடமாட்டார் என்று ஒரு நப்பாசை மட்டும் மிச்சமிருந்தது.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. கதவு திறந்து டஸ்டின் விடுதலையாகி வந்தான், டையைத் தளர்த்திக்கொண்டு. மனைவி பக்கத்தில் அழுதுகொண்டே வந்தாள். தியாகராஜாவைக் கண்டதும் டஸ்டின் நேராக அவரிடம் வந்து கையைப் பிடித்துக்கொண்டான். மட்டை பிடித்த கை, பெரிய சூடான கை.

"ஐயா, நீங்கள் உண்மையைச் சொன்னீர்கள்" என்றான்.  "வேறு யாராக இருந்தாலும் மறைத்திருப்பார்கள். நான் சாகும்வரை மறக்கமாட்டேன்."

 தியாகராஜா கையை உருவிக்கொண்டார். "நீ அவனைக் கொன்றாய்" என்றார். டஸ்டின் அதைக் கேட்டானா என்று தெரியவில்லை. மனைவி அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பிப் பார்த்தபோது எலியாஸின் தாய் நின்றாள். அன்று வேலைக்குப் போயிருந்து, தீர்ப்பு என்றதும் ஓடிவந்தவள், வேலை உடுப்போடு. இரண்டு கார் தள்ளி நின்று அந்தக் கைகுலுக்கலைப் பார்த்திருக்கிறாள். கத்துவாள் என்று நினைத்தார். கத்தினால் நல்லது என்றும் நினைத்தார்.

"நான் உள்ளே வந்தபோது உங்கள் நாற்காலியில் வேறு யாரோ இருந்தான்" என்றாள். "எங்கே போனீர்கள்?"

அவர் சொன்னார். வெயிலில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். சைக்கிள், லைற் போஸ்ட், சுப்பையன் தன்னைப் பார்த்துக் கேட்டது, தான் சொல்லாமல் நின்றது, படிவத்தில் போட்ட சரி. எதையும் குறைக்கவில்லை.  முடிந்ததும் அவள் கைப்பையிலிருந்து கார்ச் சாவியைத் தேடி எடுத்தாள்.

"அந்த ஆளுக்கு அம்மா இருந்தாளா?" என்று கேட்டாள்.

தியாகராஜா வாயைத் திறந்தார். சின்ன ஊர். எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். சந்தையிலிருந்து சுப்பையன் வீட்டுக்குக் கூப்பிடு தூரம்தான். சந்தியிலிருந்து உடம்பை யார் அவிழ்த்துக்கொண்டு போனார்கள் என்றுகூட அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

"தெரியாது" என்றார்.

அவள் தலையை ஆட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனாள்.